படிகளைத் தாண்டிய பந்து
மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டும் ஒரு பல்கலைக்கழகம் கற்ற பாடமும்



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் விழாவைச் சிறப்பிக்கிறோம். அதே நாள் மாற்றுத்திறனாளிகளின் அனைத்துலக நாளும் ஆகும். 1992ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை இதை அறிவித்தது. நம் பங்குகள் பலவற்றிலும் அதையொட்டி வரும் ஞாயிறன்று மாற்றுத்திறனாளிகளை அழைக்கிறோம். சிறப்புத் திருப்பலி, மதிய உணவு, ஒரு சேலை அல்லது வேட்டி, ஒரு போர்வை என்று அன்போடு கொடுத்து அனுப்புகிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த நாளில் நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்கு விளையாட ஆசையா?"

விளையாட்டா? நடக்கவே முடியாதவருக்கு அது எதற்கு? முதலில் மருத்துவம், பிறகு படிப்பு, பிறகு வேலை. எல்லாம் கிடைத்த பின்பு நேரம் மிஞ்சினால் விளையாட்டு. நம் மனத்தில் இருக்கும் வரிசை இதுதான். பார்வைக்கு நியாயமாகவும் தோன்றுகிறது.

ஆனால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு, இந்த வரிசை மாறிப்போனது. கூடைப்பந்து முன்வரிசைக்கு வந்தது. அதோடு சேர்ந்து படிப்பும், பேருந்தும், கட்டட விதிகளும் வந்தன. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நமக்கும் பயன் தரும். ஏனெனில் நம் ஆலய வாசலில் இன்று கட்டப்படும் சாய்தளத்தின் அளவுக்கும் அந்தக் கூடைப்பந்து வீரர்களுக்கும் தொடர்பு இருக்கிறது!

பிழைத்து வந்தவர்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் முறிந்தவர்கள் நெடுநாள் வாழ்வது அரிது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சில ஆண்டுகளில் அவர்களைக் கொண்டுபோய்விடும். பென்சிலின் போன்ற மருந்துகளும் நல்ல பராமரிப்பும் வந்த பிறகு இந்த நிலை மாறியது. இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளம் படைவீரர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். இருபது, இருபத்தைந்து வயது. முன்னால் நீண்ட வாழ்க்கை. என்ன செய்வது?

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் மருத்துவர் லுட்விக் குட்மான். நாத்சி ஜெர்மனியிலிருந்து 1939ஆம் ஆண்டு தப்பி வந்த யூதர் அவர். 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோருக்கான பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றார். நோயாளிகளைப் படுக்கையில் விட்டுவைக்காமல் விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று இலண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் அவருடைய மருத்துவமனை வளாகத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வித்து அதுதான்.

அமெரிக்காவிலும் போர் முடிந்த உடனேயே, முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகளில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து தொடங்கிவிட்டது. காயம்படுவதற்கு முன் விளையாடிப் பழகியவர்கள், நாற்காலியில் அமர்ந்தபடியே மறுபடியும் பந்தைக் கையிலெடுத்தார்கள்.

படைவீரர்களின் கல்லூரிச் செலவை அரசே ஏற்கும் சட்டமும் 1944ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்டிருந்தது. ஆக, கட்டணம் தயார். படிக்க ஆசையும் தயார். ஆனால் கல்லூரி வாசலில் படிக்கட்டு இருந்தது. பத்துப் படி ஏறினால்தான் வகுப்பறை. பணம் கொடுத்த சட்டம் படிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை!

மூடப்பட்ட வளாகம்

இல்லினாய்ஸ் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்ற ஊரில் போர்க்காலத்து இராணுவ மருத்துவமனை ஒன்று இருந்தது. படிக்க வந்த முன்னாள் வீரர்களின் கூட்டத்தைச் சமாளிக்க, 1946ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் அதைத் தன் கிளை வளாகமாக்கிக்கொண்டது. மருத்துவமனையாகக் கட்டப்பட்டதால் கட்டடங்களை நீண்ட நடைகூடங்கள் இணைத்தன. தள்ளுவண்டி போக வேண்டும் என்பதற்காகச் சாய்தளங்களும் இருந்தன. யாரும் திட்டமிடாமலேயே அது சக்கர நாற்காலிக்கு ஏற்ற கல்லூரி ஆகிவிட்டது.

1948ஆம் ஆண்டு அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்வித் திட்டம் சிறிய அளவில் தொடங்கியது. அதை நடத்த வந்தவர் டிமோத்தி நியூஜென்ட். வயது 25. அவரும் போரில் பணியாற்றியவர். போரில் காயமுற்றவர்களோடு, இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்த மாணவர்களும் அவரிடம் வந்தார்கள்.

ஓராண்டு முடிவதற்குள் இடி விழுந்தது. 1949ஆம் ஆண்டு கேல்ஸ்பர்க் வளாகத்தை மூடிவிட மாநில அரசு முடிவு செய்தது. மற்ற மாணவர்கள் வேறு வளாகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நியூஜென்டின் மாணவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு வளாகம் மூடப்படுவதும் படிப்பு முடிந்துபோவதும் ஒன்றுதான்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்று முறையிட்டார்கள். பிறகு அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகத்துக்கே சென்றார்கள். அங்குள்ள படிகளின்மீது பலகைகளைச் சாய்த்து வைத்து, அவற்றின் வழியே நாற்காலியை உருட்டி ஏறிக் காட்டினார்கள். "எங்களால் படிக்க முடியும், நீங்கள் ஒரு பலகை போட்டால் போதும்" என்பதை அவர்கள் வாயால் சொல்லவில்லை, செய்தே காட்டினார்கள்.

பல்கலைக்கழகம் முழு மனத்தோடு வரவேற்றது என்று சொல்ல முடியாது. பரிசோதனை முயற்சியாக இருக்கட்டும் என்று 1949ஆம் ஆண்டு அவர்களை ஏற்றுக்கொண்டது. தங்குவதற்குத் தார்க் காகிதம் ஒட்டிய பழைய இராணுவக் கொட்டகைகள் கிடைத்தன. பணத்துக்கு நியூஜென்ட் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது.

பந்து செய்த மூன்று வேலைகள்

வளாகம் மூடப்படவிருந்த அதே 1949ஆம் ஆண்டில், கேல்ஸ்பர்க்கில் நாட்டின் முதல் தேசிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. ஆறு அணிகள் வந்தன. தேசிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சங்கமும் அப்போதே உருவானது. முதல் 25 ஆண்டுகள் அதை வழிநடத்தியவர் நியூஜென்ட்தான். அவருடைய மாணவர் அணிக்கு 'கிஸ் கிட்ஸ்' என்று பெயர். 1940களின் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகத்தில் 'விஸ் கிட்ஸ்' என்று புகழ்பெற்ற கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. அதன் பெயரையே கொஞ்சம் குறும்பாக மாற்றி இவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

படிக்க இடமே உறுதியாக இல்லாதபோது விளையாட்டுப் போட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தப் பந்து மூன்று வேலைகளைச் செய்தது.

முதலாவது, உடலைப் பழக்கியது. அன்றைய சக்கர நாற்காலி எஃகால் ஆனது. 20 கிலோவுக்கும் மேல் எடை. அதைக் கையால் உருட்டிக்கொண்டு, பனிக்காலத்துக் குளிர்காற்றில், ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு மணி அடிப்பதற்குள் போக வேண்டும். திடலில் ஓடி, திரும்பி, மோதி, விழுந்து எழுந்தவனுக்கு வகுப்புக்குப் போவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் தனியாக எடை தூக்கும் பயிற்சியில் ஒருவர் பத்து நிமிடத்தில் சலித்துவிடுவார். பந்து கையில் இருந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது!

இரண்டாவது, பார்வையை மாற்றியது. கிஸ் கிட்ஸ் அணியினர் பல நகரங்களுக்குப் பயணம் செய்து காட்சிப் போட்டிகள் ஆடினார்கள். இரக்கத்தோடு வந்து அமர்ந்தவர்கள் சற்று நேரத்தில் இரக்கத்தை மறந்துவிட்டார்கள். எந்த அணி வெல்லும் என்பதே அவர்களுடைய கவலையாகிவிட்டது. ஒரு மனிதரை நாம் சமமாக மதிக்கிறோமா என்பதற்கு இது நல்ல சோதனை. அவர் பந்தைத் தவறவிட்டால் நமக்குக் கோபம் வருகிறதா? வந்தால், அவரை நாம் விளையாட்டு வீரராகப் பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள்.

மூன்றாவது, பணமும் ஆதரவும் திரட்டியது. அணி போன இடமெல்லாம் திட்டத்தைப் பற்றிய செய்தியும் போனது. உதவிகள் வந்தன. 1950களில் அந்த வளாகத்தில் நாற்காலியோடு ஆளை ஏற்றும் தூக்கு மேடை பொருத்திய பேருந்துகள் ஓடத் தொடங்கின. நடைபாதை ஓரங்கள் சரிவாக்கப்பட்டன. கட்டடங்களுக்குச் சாய்தளங்கள் அமைந்தன. இன்று பல நாடுகளில் சாதாரணமாகிவிட்ட இந்த வசதிகள் மிக முன்னதாக வந்த இடங்களில் அந்த வளாகமும் ஒன்று.

எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது?

'மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு' என்றதும் எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்ட குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. ஒரு விளையாட்டின் உயிர் எது, தோல் எது என்று பிரித்துப் பார்த்து, தோலை மட்டும் மாற்றுவதே இதிலுள்ள அறிவு.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் திடல் அதே அளவு. கூடையும் அதே 10 அடி உயரம்தான். நாற்காலியில் அமர்ந்திருக்கிறாரே என்று அதை இறக்கிவைக்கவில்லை. எது மாறியது? பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்ற விதி மட்டும் நாற்காலிக்கு ஏற்ப மாறியது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். அதற்கு மேல் தள்ள வேண்டுமானால் இடையில் பந்தைத் தரையில் தட்ட வேண்டும் அல்லது அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னோர் அழகான ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடலியக்கத்துக்கு ஏற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி கொடுக்கப்படும். குறைவாக அசைய முடிந்தவருக்குக் குறைந்த புள்ளி. பன்னாட்டுப் போட்டிகளில் திடலில் இருக்கும் ஐந்து பேரின் மொத்தப் புள்ளி 14ஐத் தாண்டக்கூடாது. இதனால் என்ன நடக்கிறது? வலுவானவர்களை மட்டும் வைத்து அணி அமைக்க முடியாது. உடலை அதிகம் அசைக்க முடியாதவர் அணிக்குச் சுமையாக இருக்கமாட்டார்; அவர் இல்லாமல் அணியே அமையாது! நம் பங்குக் குழுக்களிலும் இப்படி ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மற்ற விளையாட்டுகளும் இதே வழிதான். சக்கர நாற்காலி டென்னிசில் பந்து இரண்டு முறை தரையில் எழும்பலாம். மற்ற விதிகள் ஏறக்குறைய அப்படியே. அமர்ந்து ஆடும் கைப்பந்தில் வலை தாழ்வாக இருக்கும். பார்வையற்றோர் ஆடும் 'கோல்பால்' ஆட்டத்தில் பந்துக்குள் மணி இருக்கும். ஓர் அணிக்கு மூன்று பேர். அனைவருமே கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும். ஓரளவு பார்வை உள்ளவருக்கும் அதனால் கூடுதல் இலாபம் இல்லை. ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்கள் மௌனமாக இருக்க வேண்டும். பந்தின் ஓசை கேட்க வேண்டுமே! இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946ஆம் ஆண்டு ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவான ஆட்டம் இது.

உரோமையின் படிகள்

1960ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டோக் மாண்டவில் போட்டிகள் உரோமை நகரில் நடந்தன. முதல் பாராலிம்பிக் என்று பின்னாளில் பெயர் பெற்றவை அவை. 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் வந்தார்கள். திருத்தந்தை புனித 23ஆம் யோவான் அந்த வீரர்களைச் சந்தித்து வாழ்த்தினார். குட்மானை, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ குபெர்த்தேனோடு அவர் ஒப்பிட்டார்.

ஆனால் வீரர்கள் தங்கிய கட்டடங்களில் படிகள் இருந்தன. பதக்கம் வெல்ல வந்தவர்களை இத்தாலியப் படைவீரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. தூக்கியவர்களின் அன்பில் குறையில்லை. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற நண்பரைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை நாம் இன்றும் போற்றுகிறோம் அல்லவா? ஆனால் அந்த நால்வர் எப்போதும் உடன் இருக்கமாட்டார்கள். நாள்தோறும் வகுப்புக்கோ, வேலைக்கோ, ஆலயத்துக்கோ போகிறவருக்குத் தூக்கிவிடும் கைகளைவிட, தானே போகக்கூடிய வழிதான் தேவை.

அந்த வழிக்கு அளவு குறித்தவர்கள் மீண்டும் இல்லினாய்ஸ்காரர்களே. நியூஜென்டின் தலைமையில் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடந்தது. எவ்வளவு சரிவு இருந்தால் ஒருவர் தன் கையாலேயே ஏற முடியும்? கதவு எவ்வளவு அகலம் இருந்தால் நாற்காலி நுழையும்? அதன் பயனாக 1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் தேசிய அணுகல் தரவிதி வெளிவந்தது. ஒரு சில பக்கங்களே கொண்ட அந்தச் சிறிய ஆவணம், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் சாய்தளம் வேண்டும் என்றது. கதவுத் திறப்பு 32 அங்குலம் இருக்க வேண்டும் என்றது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அந்தக் கணக்கு இன்று இந்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் இடம்பெற்றுள்ளது.

வாசலில் நின்றுவிட்டவர்கள்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை.

நியூஜென்ட் கண்டிப்பானவர். அடுத்தவரைத் தள்ளச் சொல்லாதே, நீயே தள்ளு என்பது அவருடைய வழி. சேர விரும்பிய மாணவர்கள் முன்கூட்டியே ஒரு வாரம் வந்து, தாங்களாகவே உடுத்தவும், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், வளாகத்தில் சுற்றிவரவும் முடியும் என்று காட்ட வேண்டும். இந்தக் கண்டிப்பு பலருக்குத் துணிவைத் தந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள், உணவுக்கும் உடைக்கும் பிறர் கையை நம்பியவர்கள் என்ன செய்வார்கள்? நீண்டகாலம் அந்த வாசல் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. படிக்கட்டை அகற்றியவர்களே இன்னொரு படியை வைத்துவிட்டார்கள்.

1962ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உறங்கும்போது இயந்திரத்தின் உதவியால்தான் மூச்சு விடுவார். வளாக மருத்துவமனையின் அறையில் தங்கிப் படித்தார். யாருடைய உதவியும் இல்லாமல் எல்லாம் செய்வதே தன்னுரிமை என்று அவர் நினைக்கவில்லை. உதவியாளர் வேண்டும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் நானே என்றார். அவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய இயக்கம் உலகெங்கும் பரவியது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகமும் 1980களின் தொடக்கத்தில், அன்றாட உதவி தேவைப்படும் மாணவர்களுக்கென்று தனி விடுதி ஏற்படுத்தியது.

விளையாட்டும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 'போச்சா' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். வெள்ளைப் பந்து ஒன்றை வீசி, அதற்கு மிக அருகில் தன் பந்துகளைச் சேர்ப்பதே ஆட்டம். 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு. கையால் பந்தைப் பிடிக்கவே இயலாதவர்களும் இதை ஆடுகிறார்கள். ஒரு சிறிய சாய்தளத்தின் வழியே பந்தை உருட்டிவிடுவார்கள். சாய்தளத்தைத் திருப்பி வைக்க உதவியாளர் இருப்பார். ஆனால் அந்த உதவியாளர் ஆட்டக்களத்துக்கு முதுகு காட்டித்தான் அமர வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது! எங்கே, எந்தக் கோணத்தில் என்று முடிவு செய்பவர் வீரர் மட்டுமே. உதவுவது என்றால் என்ன என்பதை இந்த ஒரு விதி நமக்குத் தெளிவாகக் கற்றுத் தருகிறது. நம் வீடுகளில், நம் பங்குகளில், உதவி செய்கிறேன் என்று சொல்லி எத்தனை முறை நாமே முடிவெடுத்துவிடுகிறோம்!

பதக்கமும் அதற்கு அப்பாலும்

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பின்னாளில் பெண்களாலும் உயர்ந்தது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்த 800 மீட்டர் சக்கர நாற்காலிப் பந்தயத்தில் வென்றவர் அங்கே படித்த ஷாரன் ஹெட்ரிக். முதுகெலும்பு பிறவியிலேயே முழுமையாக மூடாத குறையோடு பிறந்த ஜீன் டிரிஸ்கால், பாஸ்டன் மாரத்தானை 1990 முதல் 1996 வரை தொடர்ந்து ஏழு முறையும், 2000ஆம் ஆண்டில் எட்டாவது முறையும் வென்றார்.

தாட்டியானா மெக்ஃபேடனின் வாழ்க்கை நம் கவனத்துக்கு உரியது. 1989ஆம் ஆண்டு இரஷ்யாவில் அதே குறையோடு பிறந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்தார். அங்கே சக்கர நாற்காலி இல்லை. கைகளை ஊன்றியே நகர்ந்தார். ஆறு வயதில் அமெரிக்கத் தாய் ஒருவர் அவரைத் தத்தெடுத்தார். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, மற்ற மாணவர்கள் ஓடும் நேரத்தில் அவரும் அதே தடத்தில் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. தனியாக ஓடு என்றார்கள். வெற்றுத் தடத்தில் தனியாகச் சுற்றுவது அவருக்கு அவமானமாக இருந்தது. 2005ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார். இழப்பீடாக ஒரு காசும் கேட்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து ஓடும் உரிமையை மட்டும் கேட்டார். வென்றார். 2008ஆம் ஆண்டு மேரிலாண்ட் மாநிலம் அதற்கென்றே சட்டம் இயற்றியது. பிறகு இல்லினாய்சில் படித்த அவர், 2013ஆம் ஆண்டு பாஸ்டன், இலண்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய நான்கு மாரத்தான்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அதே 2013 ஜனவரியில் அமெரிக்கக் கல்வித் துறையும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விளையாட்டில் சம வாய்ப்புத் தர வேண்டியது பள்ளிகளின் சட்டக் கடமை என்று விளக்கி எழுதியது.

ஆனால் எல்லோரும் மெக்ஃபேடன் ஆக வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் எல்லோரும் ஒலிம்பிக் போகிறார்களா? மாலையில் தெருவில் மட்டையோடு நிற்கும் சிறுவன் பதக்கத்துக்காக விளையாடவில்லை, நண்பர்களுக்காக விளையாடுகிறான். மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே மகிழ்ச்சி வேண்டும். அதனால்தான் பல பல்கலைக்கழகங்களில் போட்டி அணிகளோடு பொழுதுபோக்கு ஏற்பாடுகளும் இருக்கின்றன. நீச்சல் குளத்தில் ஆளை மெல்ல இறக்கும் இருக்கை, கையால் ஓட்டும் மிதிவண்டி, பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் சேர்ந்து மிதிக்கும் இரட்டை இருக்கை மிதிவண்டி, நாற்காலியோடு அருகில் வரக்கூடிய உடற்பயிற்சிக் கருவிகள் என்று பல. கனடாவில் உள்நாட்டுச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில், நடக்கக்கூடியவர்களும் நாற்காலியில் அமர்ந்து ஆடலாம். நண்பர்கள் சேர்ந்து விளையாட அதுவும் ஒரு வழி.

நம் வாசலில்...

திருத்தந்தை புனித 2ஆம் யோவான் பவுல், யூபிலி ஆண்டாகிய 2000த்தில் டிசம்பர் 3ஆம் நாளையே மாற்றுத்திறனாளிகளின் யூபிலியாகக் கொண்டாடினார். 2018 ஜூன் 1 அன்று திருப்பீடம் விளையாட்டைப் பற்றி முதன்முறையாகத் தனி ஆவணம் ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர்கல்வியில் குறைந்தது 5 விழுக்காடு இடஒதுக்கீடு தருவதோடு, விளையாட்டுக்கென்று தனிப் பிரிவும் கொண்டுள்ளது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆலய வளாகத்தில், நம் பள்ளி கல்லூரித் திடலில் என்ன இருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலய வாசலில் அரை அடி உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் மொத்தம் ஒன்றரை அடி. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் சாய்தளம் 18 அடி நீளம் இருக்க வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் ஐந்தடி, ஆறடியில் சிமெண்டைச் சரித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அதில் யாரும் தானாக ஏற முடியாது, இறங்கினால் விழுந்துவிடுவார். அளவு நாடா ஒன்றும் ஓர் இளைஞரும் போதும். வரும் ஞாயிறே அளந்து பார்த்துவிடலாம்.

அளந்த பிறகு அங்கேயே நின்றுவிட வேண்டாம். வாசலிலிருந்து திடல் வரை சக்கரம் உருளுமா? கழிப்பறைக் கதவு அகலமா? பங்கு விழாவின் விளையாட்டுப் போட்டிகளில் எல்லோரும் பங்கேற்கும்படி ஓர் ஆட்டமாவது உண்டா? பெரிய செலவு தேவையில்லை. மணி வைத்த பந்து ஒன்று போதும். தரையில் உருட்ட ஆறு பந்துகள் போதும். எது விளையாடலாம் என்பதை நாமே முடிவு செய்யாமல், விளையாடப் போகிறவரிடமே கேட்போம். உதவி தேவைப்பட்டால் உதவுவோம், அந்தப் போச்சா உதவியாளரைப் போல.

நியூஜென்ட் 2015 நவம்பரில் தம் 92ஆம் வயதில் காலமானார். 1949ஆம் ஆண்டு படிகளின்மீது பலகை போட்ட மாணவர்களில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவர்கள் போட்ட பலகையின் அளவு மட்டும் கடல் கடந்து நம் ஊர் வரை வந்துவிட்டது. வரும் டிசம்பர் 3 அன்று போர்வையும் உணவும் கொடுப்போம். அதோடு ஒரு பந்தையும் எடுத்து வைப்போம். "விளையாட வருகிறீர்களா?" என்று கேட்போம். அவர் நம்மை முதல் ஆட்டத்திலேயே தோற்கடித்தால், சிரித்துக்கொண்டே மறு ஆட்டத்துக்கு அழைப்போம்!